அடி விழுந்தது இரண்டாமவனுக்கு

2015 ஜனவரி 26ஆம் தேதி பிரிட்டனின் எஸ்டேட் ஏஜென்டுகள் ஒரு கலகம் செய்தார்கள். கொடியும் கோஷமும் இல்லாத கலகம். சாவில்ஸ், நைட் ஃபிராங்க், ஸ்ட்ரட் அண்ட் பார்க்கர் போன்ற பெரிய நிறுவனங்கள் முன்கை எடுக்க, ஆயிரக்கணக்கான ஏஜென்ட் கிளைகள் கூட்டுறவு பாணியில் பணம் போட்டு, ‘ஆன்தமார்க்கெட்’ என்ற இணையதளத்தை அன்று திறந்தன. வீடு விற்பனைக்கும் வாடகைக்கும் விளம்பரம் போடுகிற தளம். அந்த நாட்டில் ஏற்கெனவே அப்படி இரண்டு பெரிய தளங்கள் இருந்தன. ரைட்மூவ் முதலிடம், ஜூப்லா இரண்டாமிடம். இரண்டுக்கும் மாதாமாதம் கப்பம் கட்டிச் சலித்தவர்கள் தொடங்கிய மூன்றாவது தளம் இது. சேருகிறவர்களுக்கு முக்கியமான நிபந்தனை ஒன்று இருந்தது: எங்களைத் தவிர இன்னும் ஒரே ஒரு தளத்தில்தான் நீங்கள் விளம்பரம் செய்யலாம். இரண்டில் எதை விடுவது என்பது உங்கள் இஷ்டம்.

எதை விட்டார்கள்? கிட்டத்தட்ட எல்லாரும் ஜூப்லாவைத்தான் விட்டார்கள். பெரிய பில் அனுப்பியது ரைட்மூவ். அடி விழுந்தது ஜூப்லாவுக்கு.

இதை ஏஜென்டுகளின் அசட்டுத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரும் தன் கடைக்கு எது நல்லது என்று சரியாகவே கணக்குப் போட்டார்கள். சரியான கணக்குகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து எதிராளியின் கையை ஓங்கவைத்தது எப்படி என்பதுதான் வியப்பு. கடந்த நாற்பது ஆண்டுப் பொருளாதாரவியலின் அழகான பகுதிகளில் ஒன்று இந்தச் சண்டைக்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் ரைட்மூவின் பூர்வீகம். அது ஏஜென்டுகளின் சொந்தப் பிள்ளை. கன்ட்ரிவைட், கானெல்ஸ், ஹாலிஃபாக்ஸ், ராயல் அண்ட் சன் அலையன்ஸ் என்று அன்றைக்கு எஸ்டேட் ஏஜென்சி தொழிலில் கொடிகட்டிப் பறந்த நான்கு நிறுவனங்கள் 2000இல் சேர்ந்து தொடங்கியது. 2006இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நாற்பது கோடி பவுண்டுச் சொச்சம். பெற்றவர்கள் காலப்போக்கில் பங்குகளை விற்றுக்கொண்டு விலகினார்கள். பிள்ளை வளர்ந்தது. 2024இல் அதன் வருவாய் சுமார் 39 கோடி பவுண்டு. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் லாபம். விளம்பரதாரர் ஒருவரிடமிருந்து அந்த ஆண்டு மாதம் சராசரியாக 1,524 பவுண்டு வாங்கியது. நூறு ரூபாய்க்கு விற்று எழுபது ரூபாய் லாபம் பார்க்கும் கடை எந்த ஊரிலாவது இருந்தால், மறுநாளே எதிர்வரிசையில் இன்னொருவர் கடை போட்டுவிடுவார். இங்கேயும் போட்டார்கள். ஒருவர் அல்ல, பலர். ஜூப்லாவை 2007இல் நிறுவியவர்களில் ஒருவரான அலெக்ஸ் செஸ்டர்மேன் அதற்கு முன்பே லவ்ஃபிலிம் என்ற திரைப்பட வாடகைச் சேவையை வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர். கையாலாகாத ஆள் அல்ல. டெய்லி மெயில் பத்திரிகைக் குழுமத்தின் வீட்டுத் தளங்கள் 2012இல் ஜூப்லாவோடு இணைந்தன. கூகிளே தன் வரைபடத்தில் வீட்டு விளம்பரங்களைக் காட்டிப் பார்த்தது. பிரிட்டனுக்குள்ளும் அது வரப்போகிறது என்ற செய்தி 2009 டிசம்பரில் கசிந்ததும் ரைட்மூவ் பங்கு சரிந்தது. 2011 தொடக்கத்தில் கூகிள் அந்த வசதியையே மூடிவிட்டது. இவ்வளவு பேர் வந்தும் ரைட்மூவின் கட்டணம் குறையவில்லை.

ஏன் என்பதற்கு, வீடு தேடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பிரிட்டனில் வீட்டை விற்பவர் பெரும்பாலும் ஒரே ஏஜென்டிடம்தான் பொறுப்பை ஒப்படைப்பார். அந்த ஏஜென்ட் அதே படங்கள், அதே விலை, அதே வர்ணனையோடு ரைட்மூவிலும் ஜூப்லாவிலும் போடுவார். ஆகவே இரண்டு தளங்களிலும் சரக்கு ஏறத்தாழ ஒன்றே. ஏறத்தாழ என்ற சொல்லில்தான் சூட்சுமம். ரைட்மூவில் நூறு வீடு இருந்து ஜூப்லாவில் தொண்ணூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வையாளர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு என்ற விகிதத்தில் பிரிவார்கள் என்று தோன்றும். பிரிய மாட்டார்கள். நூறும் இருக்கிற இடத்தைப் பார்த்து முடித்தவருக்கு அடுத்த தளத்தைத் திறக்கக் காரணமே இல்லை. தொண்ணூறைப் பார்த்தவருக்கோ விட்டுப்போன பத்தில் நமக்கான வீடு இருக்குமோ என்ற அரிப்பு. எப்படியும் ரைட்மூவைத் திறந்தே ஆக வேண்டும். அப்புறம் எதற்கு இரண்டு வேலை? நேரே அங்கேயே போய்விடுவார். பத்து வீட்டுக் குறை, தொண்ணூறு வீட்டுச் சரக்கையும் செல்லாக்காசாக்கிவிடுகிறது. வீட்டுத் தளங்களில் பிரிட்டன் மக்கள் செலவிடும் நேரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் தன்னிடம்தான் என்று ரைட்மூவ் ஆண்டுதோறும் மார்தட்டுவது இந்த ஏற்றத்தாழ்வால்தான்.

இப்படிப்பட்ட ஓட்டத்தைக் கணிதத்தில் ஒரு குடத்தை வைத்து விளக்குவார்கள். 1923இல் எகன்பெர்கரும் ஜார்ஜ் போல்யாவும் தொற்றுநோய் பரவுவதைப் போன்ற சங்கிலித் தொடர் நிகழ்வுகளை மனதில் வைத்து உருவாக்கிய கணக்கு அது. குடத்தில் ஒரு சிவப்புக் கோலி, ஒரு கறுப்புக் கோலி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறீர்கள். எடுத்ததைத் திரும்பப் போடும்போது அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுகிறீர்கள். இதைப் பல்லாயிரம் தடவை செய்தால் சிவப்பின் பங்கு ஏதோ ஒரு விகிதத்தில் போய் நிலைத்துவிடும். அந்த விகிதம் எது? எதுவாகவும் இருக்கலாம். பாதிக்குப் பாதியில் நிற்கவும், 99 சதவீதத்தில் நிற்கவும் சம வாய்ப்பு. முதல் சில கைகளின் அதிர்ஷ்டம் கடைசிவரை மறையாது.

இதுவே ஆச்சரியம்தான். இன்னும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். சிவப்பு வரும் வாய்ப்பு அதன் எண்ணிக்கைக்கு ஏற்ப இல்லாமல் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையட்டும். குடத்தில் சிவப்பு இரண்டு, கறுப்பு ஒன்று என்றால், பழைய ஆட்டத்தில் சிவப்பு வர மூன்றில் இரண்டு வாய்ப்பு. புதிய ஆட்டத்தில் ஐந்தில் நான்கு. சின்ன மாற்றம்தான். ஆனால் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. ஏதோ ஒரு கட்டத்துக்கு மேல் ஒரே நிறம் மட்டுமே வந்துகொண்டிருக்கும், மற்றது இனி ஒருபோதும் வராது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. எந்த நிறம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தொழில்நுட்பங்களுக்கு இடையிலான போட்டிக்கு இந்தக் குடத்தை 1980களில் பொருத்திக் காட்டியவர் பொருளாதாரவியலாளர் பிரையன் ஆர்தர். மேலே பார்த்த தொண்ணூறு, நூறு கதை இந்த இரண்டாவது ஆட்டத்தைச் சேர்ந்தது: முந்தியவருக்கு, முந்திய அளவைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது.

சரி, பார்வையாளர்கள் ஓரிடத்தில் குவிகிறார்கள். பில் ஏன் ஏஜென்டுக்கு வருகிறது? பார்வையாளர் ஒரு காசும் தருவதில்லையே. தளங்கள் இரண்டு கூட்டத்தாருக்கு நடுவில் நிற்கும் சந்தைகள். இவ்வகைச் சந்தைகளின் கோட்பாட்டை 2003இல் ழான்-ஷார்ல் ரோஷேயும் ழான் திரோலும் வகுத்தார்கள். திரோலுக்கு 2014இல் பொருளாதார நோபல் கிடைத்தது. மார்க் ஆர்ம்ஸ்ட்ராங் 2006இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை நம் கதைக்கு இன்னும் நெருக்கம். அவர் சொன்னதைச் சுருக்கினால்: ஒரு கூட்டத்தார் ஒரே தளத்தோடு நின்றுவிடுகிறார்கள், மற்றவர்கள் எல்லாத் தளங்களிலும் இருந்தாக வேண்டிய கட்டாயம் என்றால், தளங்கள் முதல் கூட்டத்தைத் தாங்கு தாங்கென்று தாங்கும், செலவை இரண்டாவது கூட்டத்தின் தலையில் கட்டும். வீடு தேடுகிறவர் ஒரு தளத்தோடு நிற்பவர். அவரை வேறு எங்கும் சந்திக்க முடியாது, அந்தத் தளத்தின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏஜென்ட் அந்த வாசலுக்குச் சுங்கம் கட்டுகிறார்.

இதிலிருந்து வரும் முடிவு வழக்கமான பொதுப்புத்தியைக் கவிழ்த்துவிடுகிறது. போட்டிக் கடை வந்தால் விலை இறங்கும் என்பதுதானே நாம் அறிந்தது? இங்கே ஜூப்லா வந்ததும் ஏஜென்டுகளுக்கு ரைட்மூவின் பில் குறையவில்லை. ஜூப்லாவின் பில் கூடுதலாகச் சேர்ந்துகொண்டது. ஜூப்லாவை மட்டும் பார்க்கிற சிலருக்காக அங்கேயும் இருக்க வேண்டியதாயிற்று. ஆன்தமார்க்கெட்காரர்கள் ‘இன்னும் ஒரே ஒரு தளம்’ என்ற விதியை ஏன் கண்டுபிடித்தார்கள் என்பது இப்போது புரியும். விதி இல்லாவிட்டால் அவர்களுடைய தளமும் மூன்றாவது பில்லாகத்தான் போய் நின்றிருக்கும்.

ஆனால் விதி வேலை செய்த விதம் வேறு. ஒரு சிற்றூரின் கடைத்தெருவில் இரண்டு ஏஜென்டுகள் எதிரெதிரே இருக்கிறார்கள் என்று வையுங்கள். வீட்டை விற்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ரைட்மூவில் போடுவீர்களா என்பதுதான். இல்லை என்று சொன்ன மாத்திரத்தில் அவர் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஜூப்லாவில் இல்லை என்றால் அவ்வளவு பாதகமில்லை, சமாளித்துப் பேசிக்கொள்ளலாம். ஆகவே விடத் தோதானது ஜூப்லா. ஊர் ஊராக, தெருத் தெருவாக இதே முடிவு. ஆயிரக்கணக்கான கிளைகள் ஜூப்லாவிலிருந்து வெளியேறின. அதற்குப் பிறகு நிலவரம் என்ன? ஜூப்லாவில் ஓட்டை. ஆன்தமார்க்கெட்டில் அதன் உறுப்பினர்களின் வீடுகள் மட்டும். எல்லா வீடும் இருக்கிற ஒரே தளம் ரைட்மூவ். அதற்குச் சவால் விடக்கூடியவராக இருந்த ஒரே ஆளையும் ஏஜென்டுகளே பலவீனப்படுத்திக் கொடுத்தார்கள்.

முதலில் ஜூப்லாவை முந்தி இரண்டாமிடம் பிடிப்பது, பிறகு ரைட்மூவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆன்தமார்க்கெட்டின் திட்டம். படிப்படியாக ஏறுவது விவேகம்தான், ஏணி எட்டும் சுவர்களில். குடத்து ஆட்டத்தில் இரண்டாமிடமும் மூன்றாமிடமும் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் முதலிடத்துக்கு லாபம்.

ஜூப்லா சும்மா இருக்கவில்லை. அதே 2015இல் மின்சாரம், எரிவாயு, இணையக் கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டும் யூஸ்விட்ச் நிறுவனத்தைச் சுமார் 16 கோடி பவுண்டுக்கு வாங்கியது. புதுவீட்டுக்குப் போகிறவர் கரண்ட் இணைப்பும் மாற்றுவார் அல்லவா? ஏஜென்டுகளை நம்பாத வருமானம் அது. 2018இல் சில்வர் லேக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஜூப்லா குழுமத்தை 220 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. ‘இன்னும் ஒரே ஒரு தளம்’ என்ற விதியோ நீதிமன்றம் ஏறியது. செஷயர் பகுதியைச் சேர்ந்த காஸ்கோயின் ஹால்மன் என்ற ஏஜென்சிக்கும் ஆன்தமார்க்கெட்டை நடத்திய அமைப்புக்கும் வழக்கு. போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017இல் விதிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இரண்டு பேர் காலூன்றிவிட்ட சந்தைக்குள் மூன்றாமவர் நுழைய இப்படி ஒரு கட்டுப்பாடு தேவைப்படலாம் என்பது ஏற்கப்பட்டது. சட்டப்படி ஜெயித்த விதி சந்தையில் தோற்றது. 2018இல் ஆன்தமார்க்கெட் பங்குச் சந்தைக்குப் போனதோடு கூட்டுறவுக் கனவும் முடிந்தது. 2023இல் கோஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 10 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆர்ஈஏ குழுமம் ரைட்மூவுக்கு நான்கு முறை விலை சொன்னது. கடைசியாகச் சொன்னது ஏறத்தாழ 620 கோடி பவுண்டு. போதாது என்று ரைட்மூவ் கைவிரித்துவிட்டது.

ஒரே ஜன்னல் வழியாக ஊரே வீடு பார்க்கத் தொடங்கினால் வீட்டின் விலை எழுதும் விதம்கூட மாறிவிடும். செருப்புக் கடையில் 299 போடுவது மாதிரி, பிரிட்டன் ஏஜென்டுகள் முன்பெல்லாம் 2,49,950 பவுண்டு என்று விலை வைப்பது வழக்கம். தளத்தின் தேடுபெட்டியில் விலை வரம்புகள் முழு எண்களாக இருக்கும்: இத்தனை முதல் இத்தனை வரை. இரண்டரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை தேடுகிறவரின் திரையில் 2,49,950 பவுண்டு வீடு தலைகாட்டாது. ஐம்பது பவுண்டுச் சாமர்த்தியம் ஒரு கூட்டத்தையே வெட்டிவிடும். சரியாக 2,50,000 என்று போட்டாலோ, ‘இரண்டரை லட்சம் வரை’ என்று தேடுகிறவருக்கும் தெரியும், ‘இரண்டரை லட்சத்திலிருந்து’ என்று தேடுகிறவருக்கும் தெரியும். ஒரே விளம்பரத்துக்கு இரண்டு கூட்டம். தொழில் தெரிந்த ஏஜென்டுகள் இப்போது விலையை வரம்பின் மேலேயே உட்கார வைக்கிறார்கள். ஒரு மென்பொருள் பெட்டியின் வடிவமைப்பு, செங்கல் வீட்டின் விலையைத் தீர்மானிப்பதில் கைவைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. புதிதாக வந்த வீடுகளுக்குத்தான் மின்னஞ்சல் அறிவிப்பு போகும், பட்டியலின் தலையிலும் அவைதான் நிற்கும். ஆகவே விலைபோகாமல் கிடக்கிற வீட்டை எடுத்துவிட்டு, புத்தம்புதிது போல மறுபடி போடுவது. வீட்டின் வயதைக் குறைத்துக் காட்டும் வேலை. இது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும் என்று தளங்கள் விதி போட்டுத் தடுக்கின்றன. ஏஜென்டுகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதும் நடக்கிறது.

இவ்வளவு பலம் வாய்ந்த ரைட்மூவ் ஒருமுறை பணிந்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் வீட்டுச் சந்தை அப்படியே நின்றுபோனது. கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிறகு கட்டலாம் என்று ரைட்மூவ் பெருந்தன்மை காட்டியதும் ஏஜென்டுகள் கொதித்தார்கள். சில நாட்களுக்குள் நான்கு மாதத்துக்கு 75 சதவீதத் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. ஏன் அப்போது மட்டும்? தனி ஆளாக விலகுகிறவருக்கு என்றைக்கும் பயம் எதிர்க்கடைதான். ஊரடங்கில் எதிர்க்கடையும் பூட்டியிருந்தது. விற்க வருபவரும் இல்லை, தெருவைக் கடந்து போகிறவரும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் விலகினால் யாருக்கும் நட்டமில்லை என்ற நிலை அன்று தற்செயலாக வாய்த்தது. சந்தை திறந்ததும் அந்த நிலையும் போயிற்று.

இந்தியாவில் இந்தக் கதை ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். 99ஏக்கர்ஸ் 2005இல் வந்தது, மேஜிக்பிரிக்ஸ் 2006இல், ஹவுசிங் டாட் காம் 2012இல், நோபுரோக்கர் 2014இல். இன்றுவரை யாரும் மற்றவரை மூடவைக்கவில்லை. 99ஏக்கர்ஸ் பல ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடியது. என் கணிப்பில் காரணம் நம் தரகு முறை. வேளச்சேரியில் ஒரு ஃப்ளாட்டை விற்கிறவர் நாலு புரோக்கரிடம் சொல்லிவைப்பார். நாலு பேரும் நாலு விலையில் போடுவார்கள். ஓனரும் தன் பங்குக்கு ஒன்று போடுவார். விற்று மூன்று மாதமான பிறகும் விளம்பரம் தொங்கும். இங்கே பத்தாயிரம் விளம்பரம் உள்ள தளம் ஐயாயிரம் உள்ளதைவிட முழுமையானது என்று யாரும் நம்புவதில்லை. முழுமை என்ற ஒன்று எங்கும் இல்லாததால், முழுமையாக இருப்பவருக்குக் கிடைக்கும் பரிசும் இல்லை. நாமும் நாலு தளத்தையும் தடவிவிட்டுக் கடைசியில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போடுகிறோம்.

அமெரிக்காவில் இன்னொரு விதம். அங்கே ஊருக்கு ஊர் ஏஜென்டுகள் தங்கள் வீட்டுப் பட்டியல்களைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகள் இணையத்துக்கு வெகுகாலம் முந்தியவை. அந்தப் பட்டியல் பல தளங்களுக்கும் கிடைத்துவிடுவதால், 2006இல் வந்த ஜில்லோ சரக்கை வைத்துச் சண்டை போட முடியாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் தானே ஒரு மதிப்பை ஊகித்துச் சொல்லி ஆளைப் பிடித்தது. விற்பனைக்கு வராத வீட்டுக்கும் விலை தெரியும் என்றால் பக்கத்து வீட்டின் மதிப்பைப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? இப்போது அங்கே சண்டை தலைகீழாகிவிட்டது. காம்பஸ் என்ற பெரிய ஏஜென்சி சில வீடுகளைப் பொதுப் பட்டியலுக்குத் தராமல் தன் வாடிக்கையாளருக்கு மட்டும் முதலில் காட்டுகிறது. அப்படி ஒளித்துவைத்து விற்கப்பார்க்கும் வீடுகளைத் தன் தளத்தில் ஏற்கமாட்டேன் என்று ஜில்லோ 2025இல் அறிவிக்க, காம்பஸ் அந்த ஜூனில் வழக்குப் போட்டது. நூறில் பத்து குறைந்தால் என்ன ஆகும் என்பது ஜில்லோவுக்கு நன்றாகவே தெரியும்.

ரைட்மூவின் பங்கு 2025 நவம்பரில் ஒரே நாளில் கடுமையாகச் சறுக்கியது. அதற்குக் காரணம் எந்தப் போட்டித் தளமும் அல்ல. செயற்கை நுண்ணறிவில் கூடுதலாகச் செலவழிக்கப் போகிறோம், லாப வளர்ச்சி அதனால் மட்டுப்படும் என்று நிறுவனமே சொன்னது. முதலீட்டாளர்கள் பதறியதில் அர்த்தமில்லாமல் இல்லை. இந்த எழுபது சதவீத லாபம் முழுதும் மனிதரின் ஒரு சின்னச் சோம்பலின் மேல் நிற்கிறது: ஒரு தளத்தைப் பார்த்து முடித்தவர் அடுத்ததைத் திறக்கமாட்டார். வீடு தேடித் தருமாறு நாம் உரையாடும் மென்பொருளிடம் கேட்டால், அதற்கு அந்தச் சோம்பல் கிடையாது. தொண்ணூறு இருக்கிற தளத்தையும், முப்பது இருக்கிற தளத்தையும், ஏஜென்டின் சொந்த இணையப் பக்கத்தையும் ஒரே மூச்சில் புரட்டிவிடும். குடத்து ஆட்டத்தில் வர்க்கம் போடவைத்த காரணமே அதற்குப் பொருந்தாது. தளங்கள் கதவைத் திறந்தால் என்பதுதான் நிபந்தனை. தங்கள் பட்டியலை இயந்திரங்கள் அள்ளிக்கொண்டு போவதை விதிகள் போட்டுத் தடுத்துத்தான் வைத்திருக்கின்றன. ஜில்லோ வேறு மாதிரி யோசித்து, 2025 அக்டோபரில் தானே சாட்ஜிபிடிக்குள் குடிபுகுந்தது.